ஜி.எஸ்.டி. பதிவா, காம்போசிஷனா, பதிவே வேண்டாமா: பெங்களூரில் தனித்தொழில் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

ஐ.டி. நிறுவன வேலையை விட்டு வந்து வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதித் தருகிறவர், வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கிறவர், ஜெயநகரில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஆசிரியை என்று பெங்களூரில் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய தமிழர்கள் முதல் ஆண்டிலேயே வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா, எடுத்தால் வழக்கமான முறையிலா, மொத்த வரவில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையிலா? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், நகரத்துக் கடைகள் பலவற்றில் க்யூ.ஆர். அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டியதும் இந்தக் கேள்வியோடு பயத்தையும் சேர்த்துவிட்டன. அந்தப் பயத்தில் தேவையில்லாமல் பதிவு செய்தவர்களும் உண்டு. தேவை இருந்தும் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

ஆண்டு வரவு எவ்வளவு என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். அது பதிவு கட்டாயமா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். எந்த வழி லாபம் என்பதைச் சொல்வது வேறொன்று: உங்களுக்குப் பணம் தருகிறவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்பது.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது

சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமாகும் எல்லை, கர்நாடகத்தில் ஒரு நிதியாண்டுக்கு 20 லட்சம் ரூபாய். சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு உள்ள 40 லட்சம் எல்லையை நண்பர் சொன்னார் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த 20 லட்சம் உங்கள் பான் எண்ணின் பேரில் இந்தியா முழுவதும் நடந்த எல்லா விற்பனையையும் சேர்த்த தொகை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வந்ததும், குடியிருப்புக்கு விட்ட சொந்த வீட்டின் வாடகை போன்ற வரிவிலக்குப் பெற்ற வரவும் அதில் அடங்கும். வேலையில் இருந்த மாதங்களின் சம்பளம் அடங்காது.

வாடிக்கையாளர் நீங்கள் வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்ளக் கூடியவரா என்பது இரண்டாவது அளவுகோல். பதிவு பெற்ற நிறுவனம் கழித்துக்கொள்ளும், ஆகவே நீங்கள் போடும் 18 சதவீதம் அதற்குச் சுமையே இல்லை. பிள்ளைக்கு டியூஷன் வைக்கும் பெற்றோருக்கு அது முழுக்க விலையேற்றம்.

மூன்றாவது, சேவை எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதாகச் சட்டம் கருதுகிறது என்பது. பெங்களூர்த் தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் பக்கத்து ஊர், ஆனால் ஓசூரில் உள்ள பதிவு பெற்ற தொழிற்சாலைக்குச் செய்து கொடுக்கும் வேலை மாநிலம் கடந்த சேவை. வீடு, கட்டிடம் தொடர்பான வேலையில் கட்டிடம் இருக்கும் இடமே கணக்கு. ஓசூரில் கட்டும் வீட்டுக்கு நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்து வரைபடம் போட்டாலும் அது தமிழ்நாட்டுச் சேவை. சென்னைக்காரர் ஒயிட்ஃபீல்டில் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு உள் அலங்காரம் செய்தால் அது கர்நாடகத்துக்குள் முடிந்துவிடும். இணைய வழியில் சென்னைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து, அவர்களின் முகவரியையும் பதிந்து வைத்திருந்தால் அதுவும் மாநிலம் கடந்ததே.

நீங்கள் தொழிலுக்காக வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் எவ்வளவு ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்கள் என்பதும், வாடிக்கையாளர் எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறார் என்பதும் மீதி இரண்டு. கடைசியில் சொன்னதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

## பதிவு செய்யாமல் இருப்பது

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை இது முற்றிலும் சட்டப்படியான நிலை. மாநிலம் கடந்து சேவை தந்தால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்ற பழைய விதியை இன்னும் சிலர் சொல்கிறார்கள். சேவைகளைப் பொறுத்தவரை 2017 அக்டோபரிலேயே 20 லட்சம் வரை அதற்கு விலக்கு தரப்பட்டுவிட்டது. ஓசூர் வேலையோ அமெரிக்க வேலையோ, எல்லைக்குள் இருந்தால் அந்த ஒரே காரணத்துக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

செலவாகத் தெரியாத செலவு ஒன்று இதில் இருக்கிறது. மடிக்கணினி, பகிர்வு அலுவலக வாடகை, இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா எல்லாவற்றிலும் நீங்கள் கட்டும் வரி திரும்பி வராது. பெரிய நிறுவனங்கள் சில ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரைத் தங்கள் வெண்டர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. இது அந்த நிறுவனங்களின் வழக்கம்தானே தவிரச் சட்டத்தின் கட்டளை அல்ல. பதிவில்லாதவரிடம் இத்தகைய சேவை வாங்குவதால் அவர்களுக்குத் தண்டமோ கூடுதல் வரியோ வராது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். ஒரே ஒரு நிறுவனத்தின் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக ஆண்டு முழுக்க ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடமையை ஏற்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

வீட்டுக்காரர்கள், பெற்றோர், சிறு கடைகள் என்று வரியைக் கழித்துக்கொள்ள முடியாதவர்களே உங்கள் வாடிக்கையாளர்களாக இருந்து, வரவும் 20 லட்சத்துக்குள் நின்றால், இதைவிட நல்ல வழி கிடையாது. எல்லையைத் தாண்டினால் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், மாதாமாதம் வரவைக் கூட்டி ஒரு தாளில் எழுதி வருவது மட்டும் அவசியம்.

## காம்போசிஷன் திட்டம்

சேவை தருகிறவர்களுக்கு இந்தத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் திறந்தது. முந்தைய நிதியாண்டின் வரவு 50 லட்சத்துக்குள் இருப்பவர் மொத்த வரவில் 6 சதவீதம் கட்டினால் போதும், அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சி.எம்.பி.-08 படிவத்தில் 18ஆம் தேதிக்குள் பணம் கட்டி, ஆண்டுக்கு ஒரு முறை ஜி.எஸ்.டி.ஆர்.-4 தாக்கல் செய்தால் வேலை முடிந்தது.

ஆறு, பதினெட்டில் மூன்றில் ஒரு பங்குதானே என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் அந்த 18 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கலாம். இந்த 6 சதவீதத்தை வசூலிக்கக் கூடாது. பில்லின் தலைப்பிலேயே, காம்போசிஷன் முறையில் வரி செலுத்துபவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று அச்சிட வேண்டும். உங்கள் கொள்முதல் வரியும் திரும்ப வராது. வெளிநாட்டு மென்பொருள் சந்தாவுக்கு, விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும், அதுவும் திரும்ப வராது.

மாநிலம் கடந்த ஒரு பில் போட்டால்கூடத் தகுதி போய்விடும். ஏற்றுமதியும் மாநிலம் கடந்த சேவையாகவே கருதப்படுவதால் வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர் இதை நினைக்கவே வேண்டாம். தகுதியில்லாமல் இத்திட்டத்தில் தொடர்ந்தது தெரியவந்தால் முழு வரியும் அதன் மேல் தண்டமும் சேர்ந்து வரும். பெங்களூரில் வீடு கட்டும் குடும்பங்களுக்கு மட்டும் வேலை செய்யும் உள் அலங்காரக்காரர் ஒருவர், சொந்தக்காரர் என்ற முறையில் ஓசூர் வீடு ஒன்றை ஒப்புக்கொள்வதற்கு முன் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

பெங்களூருக்குள்ளேயே, வரியைக் கழிக்க முடியாத தனிநபர்களுக்கே சேவை தந்து, 20 லட்சத்தைத் தாண்டி 50 லட்சத்துக்குள் நிற்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல திட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழக்கமான பதிவு

பெரும்பாலான தொழில்முறைச் சேவைகளுக்கு 18 சதவீதம். கர்நாடகத்துக்குள் என்றால் 9 மற்றும் 9 ஆகப் பிரித்து, வெளி மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று பில்லில் காட்டி வசூலித்து, உங்கள் கொள்முதல் வரியைக் கழித்து மீதியைக் கட்ட வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வீட்டின் பெஸ்காம் மின்கட்டண பில், வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் ஆகியவை வேண்டும். இதில் ஒப்புதல் கடிதம்தான் நாள் கடத்தும். தன் வீட்டு முகவரியில் ஜி.எஸ்.டி. என்றதும் மின்கட்டணம் கூடுமோ, சொத்து வரி கூடுமோ என்று உரிமையாளர்கள் தயங்குவார்கள்.

பதிவு செய்தபின் உங்கள் முகவரி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் தேடினாலும் தெரியும். தனியாக வசிக்கும் பெண்கள் வீட்டு முகவரியைக் கொடுப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் போட்டுத் தரும் பகிர்வு அலுவலகத்தின் முகவரியில் பதிவு செய்வது அவர்களுக்கு நல்லது. வீட்டு வாடகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு பெற்றவர் எடுக்கும் குடியிருப்பு வாடகைக்கு 2022 ஜூலை முதல் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் வருகிறது. தனித்தொழில் நடத்துகிறவர் தன் சொந்தக் குடியிருப்புக்காக, தன் சொந்தக் கணக்கில் எடுக்கும் வீட்டுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே வாடகையைத் தொழில் செலவாக எழுதாமல், தனிப்பட்ட கணக்கிலிருந்தே கொடுத்து வருவது பாதுகாப்பு.

கர்நாடகத்தில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில் வரி கட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரிய வருகிறது. வரவே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தாக்கல் செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய், வரி ஏதும் இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

இவையெல்லாம் சிறு தொகைகள். கையைக் கடிப்பது பணம் வரும் தேதி. ஏப்ரல் 5ஆம் தேதி ஒயிட்ஃபீல்டு நிறுவனம் ஒன்றுக்கு 2,00,000 ரூபாய்க்கும் அதன் மேல் 36,000 வரிக்கும் பில் போடுகிறீர்கள். மாதாந்தர ரிட்டர்ன் முறையில் அந்த 36,000 ரூபாயை மே 20க்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். நிறுவனம் ஜூன் நடுவில், உங்கள் வருமான வரிக்காகப் பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். 20,000 போக 2,16,000 ரூபாய் அனுப்புகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்த வரி உங்கள் சேமிப்பிலிருந்து போயிருக்கும். கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் பில் போட்டால் போதும் என்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் முடித்த வேலைக்கு மே 1ஆம் தேதி பில் போட்டால் வரி கட்டும் நாள் ஜூன் 20க்குத் தள்ளிப் போகிறது. பில்லில் வரியைத் தனியாகக் காட்டினால் டி.டி.எஸ். வேலையின் மதிப்பில் மட்டும் பிடிக்கப்படும், வரியின் மேல் பிடிக்கப்படாது. சிறு தொழில்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவையும் எடுத்து அந்த எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது என்ற சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

ஏற்றுமதி செய்கிறவருக்கு இந்த வழியில் தனிச் சலுகை இருக்கிறது. எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுத்துவிட்டால் வெளிநாட்டுப் பில்லுக்கு வரியே போட வேண்டாம். கொள்முதல் வரியையும் திரும்பக் கேட்கலாம். மடிக்கணினி போன்ற மூலதனப் பொருளின் வரி மட்டும் இப்படித் திரும்ப வராது, அது உள்நாட்டு பில்களின் வரியில் கழியும். பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு வரவுக்கும் வாங்கி வைக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, மாதச் செலவில் பெரிய வரி ஏதும் இல்லாத ஏற்றுமதிக்காரர் இப்படித் திரும்பக் கிடைக்கும் வரிக்காக மட்டும் பதிவு செய்தால், கிடைப்பதைவிட ஆடிட்டர் கட்டணம் அதிகமாகிவிடலாம்.

## 24 லட்ச ரூபாய் வரவுக்கு

ஆண்டு வரவு 24 லட்சம். அந்த ஆண்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மடிக்கணினி, மாதம் 10,000 ரூபாய்க்குப் பகிர்வு அலுவலகம். இவற்றின் மேல் கட்டிய வரி 18,000, 21,600, ஆக 39,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டிவிட்டதால் பதிவு கட்டாயம்.

| வாடிக்கையாளர் | காம்போசிஷன் | வழக்கமான பதிவு |
|---|---|---|
| பெங்களூரில் உள்ள பதிவு பெற்ற நிறுவனங்கள் | 1,44,000 ரூபாய் கையிலிருந்து | கையிலிருந்து ஏதுமில்லை. 39,600 கழியும் |
| ஓசூர், சென்னை நிறுவனங்கள் | தகுதியில்லை | மேலே சொன்னதே, ஐ.ஜி.எஸ்.டி. வழியில் |
| பெங்களூரில் உள்ள பெற்றோர், வீட்டுக்காரர்கள் (விலையை ஏற்ற முடியாத நிலை) | 1,44,000 ரூபாய் | சுமார் 3,66,100. கழிவு போக 3,26,500 ரூபாய் |
| வெளிநாட்டு நிறுவனம் | தகுதியில்லை | எல்.யூ.டி.யோடு வரி இல்லை. 21,600 திரும்பக் கேட்கலாம் |

மூன்றாவது வரிசையில் காம்போசிஷன் தோற்க வேண்டுமானால், வரி கட்டி வாங்கும் கொள்முதல் ஆண்டுக்கு 12 லட்சத்தைத் தாண்ட வேண்டும். டியூஷன் எடுக்கும் ஆசிரியைக்கு அப்படி நேராது. மரம், பலகை, விளக்கு எல்லாம் தாமே வாங்கிப் பொருத்திக் கொடுக்கும் உள் அலங்காரக்காரருக்கு எளிதில் நேரும். ஆகவே வீட்டுக்காரர்களுக்கு வேலை செய்தாலும் அவர் தன் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

## வருமான வரியில் இன்னொரு தேர்வு

ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் முடிவு இங்கேயும் வந்து தொடும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, என்றாலும் வரவில் ஒரு பங்கை லாபமென்று வைத்து வரி கணக்கிடும் முறைக்குப் பேச்சில் 44ஏ.டி.ஏ. என்ற பழைய எண்ணே புழங்குகிறது. பொறியியல், கட்டிடக்கலை, சட்டம், மருத்துவம், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள், ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள் இருப்பவர், பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். கணக்குப் புத்தகம் வேண்டாம், முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மொழிபெயர்ப்பும் டியூஷனும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால், அவர்கள் தங்களுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

24 லட்சம் வரவுள்ள மென்பொருளாளருக்கு இந்த முறையில் லாபம் 12 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உள்ள தள்ளுபடியால் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. ஆனால் நிறுவனங்கள் 10 சதவீதம் பிடித்த 2,40,000 ரூபாய் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பி வரும் வரை அரசிடம் இருக்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பதும் 24 லட்சத்தை அல்ல, 12 லட்சத்தை. காம்போசிஷனில் கட்டிய 6 சதவீதத்தையும் இந்த முறையில் தனிச் செலவாகக் கழிக்க முடியாது. பாதி வரவு செலவென்று ஒதுக்கியதற்குள்ளேயே அது அடங்கிவிட்டதாகக் கருதப்படும்.

உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறவர், அதாவது வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்விக்கிறவர், முறையான கணக்கு வைப்பதே சரி. பாதிக்குக் குறைவாக லாபம் காட்டினால், மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டும்போது தணிக்கையும் கட்டாயமாகும். அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் ஒரு முறை பழைய வரி முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பினால், தொழில் நடக்கும் வரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது. சம்பளக்காரர்களைப் போல ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் வசதி இவர்களுக்கு இல்லை.

## மாறுவதும் விலகுவதும்

ஏற்கெனவே பதிவு உள்ளவர் காம்போசிஷனுக்கு மாற விரும்பினால் நிதியாண்டு தொடங்கும் முன், மார்ச் 31க்குள் சி.எம்.பி.-02 படிவம் கொடுக்க வேண்டும். நடுவில் மாற முடியாது. காம்போசிஷனிலிருந்து வெளியேறுவதை எந்த மாதத்திலும் செய்யலாம், தகுதி போன நாளிலிருந்து 7 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வரவு 20 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பதிவையே ரத்து செய்யக் கேட்கலாம், ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கழித்துக்கொண்ட வரியின் ஒரு பகுதியை அப்போது திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். மடிக்கணினிக்கு ஐந்து ஆண்டு ஆயுள் என்று கணக்கிடுவதால், 18,000 ரூபாய் கழித்துக்கொண்டவர் இரண்டு ஆண்டில் பதிவை விட்டால் மீதி 36 மாதத்துக்கு 10,800 ரூபாய், அல்லது அன்றைய விற்பனை மதிப்பின் மேல் வரும் வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டிவிட்டுத்தான் வெளியேற முடியும்.